மேனேஜருக்கு வயிறு செரியில்ல

பயப்படாம உக்காருங்க தம்பி. கடிக்க மாட்டான். கடிக்கறதுக்கு இன்னிக்கு அவனுக்குத் தெம்பும் இல்ல. கூடைக்குள்ள என்னங்க, பூனையா? பாருங்க, பூனைன்னு பேச்செடுத்தாலே தெருக்கோடி முட்டும் தொரத்தறவன், திரும்பிக்கூடப் பாக்கல. டாக்டரம்மா இப்பத்தான் தண்ணி குடுத்துட்டு, வேற ஒண்ணும் குடுக்கப்படாதுன்னு சொல்லீட்டுப் போனாங்க. குடிச்ச தண்ணி வயித்துல நின்னுதுன்னா ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போலாமாம். மறுக்கா வாந்தி எடுத்தான்னா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி வயித்தக் கிழிச்சுத்தான் பாக்கோணும்னு சொல்லீட்டாங்க. அதுக்குத்தான் அவன் வாயையே பாத்துட்டு உக்காந்திருக்கறேன். நீங்களும் சித்த பாத்துக்கங்க தம்பி. பேசுனா எனக்குக் கவனம் தப்பிப்போகும். பேசாமயும் எனக்கு இருக்க முடியாது.

பேருங்களா? மேனேஜர்.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிக்கறதுதான். எங்கூட்டுக்காரரு நூல்மில்லுல வேலை பாத்தவருங்க. அங்க ஜெகந்நாதன்னு ஒருத்தரு மேனேஜரு. எங்கூட்டுக்காரரு வேலை நேரத்துல மிசினுக்குப் பின்னால சித்த கண்ணசந்துட்டாரு. அதுக்கு ஒரு மெமோ. மெமோ குடுத்தாக் குடுத்துட்டுப் போகட்டும். அந்த மனுசன் நாலு பேருக்கு முன்னால, 'ஏப்பா, தலகாணி எதுனா வேணுமா?'ன்னு கேட்டுப்போட்டாராம். எங்கூட்டுக்காரரு மெமோவ மறந்துட்டாருங்க, தலகாணிய மட்டும் மறக்கவே இல்ல. அந்த வாரமே சாக்கடையோரத்துல கத்தீட்டு இருந்த குட்டியத் தூக்கியாந்து, மேனேஜர்னு பேரு வெச்சாரு. எதுக்கு? திட்டறதுக்கு. 'டேய் மேனேஜர், அறிவிருக்குதாடா உனக்கு? டேய் மேனேஜர், எந்திரிடா, உக்காருடா, வெளிய போடா!' மில்லுல வாயத் தொறக்க முடியாதவரு ஊட்டுல வந்து ஆசை தீரத் திட்டுவாரு. இவனும் வால ஆட்டி ஆட்டிக் கேட்டுக்குவான். வையறதுக்குன்னு வளத்த நாயிங்க, வஞ்சு வஞ்சே பாசமாப் போச்சு. இவரு கூப்புட்டா தூக்கத்துல இருந்துகூட எந்திரிச்சு நிப்பான்.

எனக்கு நாயே புடிக்காதுங்க. மொதல்லயே சொல்லிப்போடறேன். இவன் கட்டலுக்கு அடியில படுக்கறது எனக்குச் சுத்தமாப் புடிக்கல. அதுக்குத்தான் கட்டலு மேல படுக்க வெச்சேன்.

செரி, கதைக்கு வாரேன். அவன் வாயப் பாத்துட்டே கேளுங்க.

இந்தச் சனிப்பெயர்ச்சி வந்துதுங்களா, அதுல புடிச்சுது கெரகம். எங்கூர்ல அர்த்தநாரின்னு ஒரு ஜோசியரு. யாரு போயி நின்னாலும் ஏழரைங்கறாரு, இல்லீன்னா அஷ்டமச்சனிங்கறாரு, அதுவும் இல்லீன்னா கண்டகச்சனி. பாதி ஊருக்குச் சனி, மீதி ஊருக்குச் சனி வரப்போகுதுன்னு பயம். எல்லாருக்கும் ஒரே பரிகாரந்தான். சனிக்கிழமை காத்தால, கறுப்பு நாய்க்கு எள்ளுச்சோறு. ஒரு பொட்டு வெள்ளை இருக்கப்படாதாம்.

எங்க தெருவுல பாத்தீங்கன்னா பூராமே செவலை நாயிங்க. முக்குவீட்டுல ஒரு கறுப்பு இருக்குது, அதுக்குக் காலுல வெள்ளை. சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். அது செல்லாதுன்னு ஜோசியரு சொல்லிப்போட்டாரு. அப்புறம் யாரு இருக்கறா? இவன் ஒருத்தன்தான். மூக்கு கறுப்பு, நகம் கறுப்பு, வாயத் தொறந்தா ஈறுகூடக் கறுப்பு. சனீஸ்வரனே அளவெடுத்துத் தெச்ச மாதிரி.

சனிக்கிழமையானா எங்கூட்டுக் கேட்டுக்கு வெளிய சனம். தூக்குப்போசி, டிபன் பாக்ஸு, வாழையெலப் பொட்டணம். ரேசன் கடையில நிக்கற மாதிரி வரிசை. ஒரு அம்மணி சொந்தமாவே பரிகாரம் பண்ணிக்கறேன்னு செவலை நாயிக்குக் கரித்தூளப் பூசிக் கூட்டியாந்துச்சு. அது வந்து நடு வரிசையில நின்னு ஒரு சிலுப்பு சிலுப்புச்சு பாருங்க, அன்னிக்கு வந்த சனம் பூராம் சனி புடிச்ச மாதிரியேதான் ஊடு போய்ச் சேந்துது.

எங்கூட்டுக்காரருக்கு இதெல்லாம் ஆகாது. 'சனியாவது மணியாவது'ம்பாரு. சாமியே கும்புட மாட்டாரு. 'எம்பட நாய என்ன கோயில் உண்டியலாக்கிப்போட்டியா'ன்னு சத்தம் போட்டாரு. நானென்ன பண்றதுங்க? கஷ்டம்னு வந்து நிக்கறவங்கள கேட்டோட வெரட்ட முடியுமா? நாளைக்கு அந்தப் பாவம் நமக்குத்தான வரும்.

ஆனா நாயிக்கும் வயிறு ஒண்ணுதானுங்களே. நல்லெண்ணெய்ல மெதக்கற சோத்த பத்து ஊட்டுச் சோறா அள்ளித் தின்னா என்னாகும்? ஞாயித்துக்கெழமை ஆனா இளகிப் போகும். திங்கக்கெழமை நான் இங்க வந்து நிப்பேன். சனிக்கிழமை அவங்க வரிசை, திங்கக்கெழமை எம்பட வரிசை. இந்த டாக்டரம்மா நல்லவங்கதான். ஆனா கோவம் வரும். அவன் புல்லத் தின்னான்னு ஒருக்கா கூட்டியாந்தேன். ஏப்பம் உட்டான்னு ஒருக்கா. ஒருக்கா ஒண்ணுமே இல்லீங்க, ரொம்ப நாளா ஒண்ணுமே இல்லியேன்னு பயந்து கூட்டியாந்தேன். அன்னிக்குத்தான் டாக்டரம்மா பேனாவ மேசை மேல போட்டுட்டு என்னைய உக்கார வெச்சுச் சொன்னாங்க.

'அம்மா, நல்லாக் கேட்டுக்கங்க. ஒருநேரம் இளகிப் போச்சுன்னா ஓடி வராதீங்க. ஆளு சுறுசுறுப்பா இருக்கானா, தண்ணி குடிக்கறானா, அப்ப பயமில்ல. ஒரு பொழுது வயித்துக்கு லீவு குடுங்க. தண்ணி மட்டும் வெச்சாப் போதும். அப்புறம் குழைஞ்ச சோறு கொஞ்சம். ஆனா ரத்தம் கலந்து போச்சுன்னா, குடிச்ச தண்ணியும் நிக்காம வாந்தி எடுத்துட்டே இருந்தான்னா, ஈறு வெளுத்துப்போச்சுன்னா, கூப்புட்டா எந்திரிக்காமக் கெடந்தான்னா, அப்ப ஒரு நிமிசம் உக்காந்து பாத்துட்டிருக்காதீங்க. தூக்கீட்டு வந்துருங்க.'

அப்புறம் கடைசியா ஒண்ணு சொன்னாங்க. 'கண்டவங்க கண்டதையும் போடறத நிறுத்துங்க.' நியாயந்தானுங்க. கண்டவங்கதான போடறாங்க, நானா போடறேன்? ஊட்டுக்குப் போயி கேட்டுல அட்டை எழுதித் தொங்கவிட்டேன். 'ஒருவருக்கு ஒரு பிடி மட்டும்'னு. நம்ம சைடுல பண்ண வேண்டியதப் பண்ணிப்போட்டோம்.

இந்த நெலமையில யாரு வந்து நின்னாங்கன்னு நெனைக்கறீங்க? ஜெகந்நாதன். ஆமாங்க, தலகாணி மேனேஜரு. போன சனிக்கிழமை காத்தால, தலையில மப்ளரு, கையில பெரிய தூக்குப்போசி. ரிட்டயர்டு ஆயி ஊட்டுல இருக்கறாரு. ஊட்டுல இருக்கறவரு சும்மா இருந்தாத்தான? சமையக்கட்டுல போயி நின்னுட்டு, 'வெங்காயம் ஏன் இவ்வளவு வேஸ்ட் ஆகுது? பாத்திரம் கழுவ இவ்வளவு நேரமா?'ன்னு மேனேஜர் வேலை பாத்தாராம். சம்சாரம் கரண்டிய அவரு கையில குடுத்துட்டு மக ஊட்டுக்குப் போனதுதான், இன்னும் திரும்பல. ஜோசியருகிட்டப் போயிருக்காரு. கண்டகச்சனின்னுட்டாரு.

எங்கூட்டுக்காரரு கேட்டுக்கு உள்ள, அவரு கேட்டுக்கு வெளிய. இவரு நாயப் பாத்துக் கத்தறாரு. 'டேய் மேனேஜர்! வெக்கங்கெட்டவனே! ஓசிச்சோத்துக்கு அலையறியா? போடா உள்ள!' நாயி காது கேக்காத மாதிரி நிக்குது. அந்த மனுசன் மூஞ்சி செத்துப்போச்சு. தூக்குப்போசிய மூடிட்டுக் கெளம்பப் போயிட்டாரு.

எனக்குச் சங்கட்டமாப் போச்சுங்க. 'ஐயா, உங்களச் சொல்லலீங்க, நாயச் சொல்றாரு'ன்னேன். 'நாயி பேரு என்னம்மா?'ன்னாரு. 'மேனேஜருங்க'ன்னேன். குனிஞ்சு இவன ஒரு தரம் பாத்தாரு. அப்புறம், 'எத்தனை வருசமா?'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். மப்ளர அவுத்துட்டு ரோட்டுல மண்டிபோட்டு உக்காந்து, அவரே வடிச்ச சோறுங்க, அடிப்புடிச்ச வாசம் எனக்கு உள்ள வரைக்கும் வருது, அத உருட்டி உருட்டி இவனுக்கு ஊட்டுனாரு. இவனும் அந்தக் கருகல் சோத்த தேவாமிர்தமாத் தின்னான். ஒரு பிடின்னு எழுதிப் போட்டிருக்குதுங்க. தூக்குப்போசி பூராமும் ஒரு பிடியா?

தின்னு முடிச்சு நாக்கச் சுழட்டுனான். நாலு எட்டு நடந்தான். அவரு செருப்பு மேலயே அத்தனையும் வாந்தி எடுத்துட்டான்.

வரிசையில நின்ன சனத்துக்கெல்லாம் மூச்சே நின்னுபோச்சு. நாயி பொழைக்குமான்னு நெனைக்கறீங்களா? யாரு நெனைச்சா? 'வெளிய வந்துட்டா பரிகாரம் செல்லுமா?' அதுதான் கேள்வி. ஒருத்தரு சொல்றாரு, உள்ள போனாப் போதும், செல்லும்ங்கறாரு. ஒரு அம்மணி, சனி திரும்பி வந்துருச்சு, சோறோட வந்துருச்சுங்குது. மொதல்ல போட்டவங்க பின்னால போட்டவங்க கூடச் சண்டை, உங்களுதுதான் வெளிய வந்துது, எங்களுது உள்ள இருக்குதுன்னு. ஜோசியருக்குப் போன் போட்டுக் கேட்டா, 'மென்னு தின்னிருந்தா செல்லும், முழுங்கியிருந்தா செல்லாது'ங்கறாரு. எந்த நாயிங்க மென்னு திங்குது?

எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, இது அந்த மனுசன் வடிச்ச சோத்தோட வேலைதான்னு. கருகுன சோறு. வேற யாரு சோத்துலயும் ஒரு கொறையும் இல்ல.

என்னோடதா? நானு போடறதே இல்லீங்களே. சொன்னனில்ல.

ஒண்ணுமே போடறதில்லையான்னா... அது வேறீங்க. எங்கூட்டுக்காரருக்கு ஏழரை நடக்குது. போன மாசம் சைக்கிள்ல இருந்து உளுந்தாரு. அதுக்கு முந்தி நெஞ்ச அடைக்குதுன்னாரு. வாயுதான்னு டாக்டரு சொன்னாரு, இருந்தாலும் எனக்கு ராவெல்லாம் வெசனம். அவருகிட்டப் பரிகாரம்னு சொல்ல முடியுமா? அதனால வெள்ளிக்கிழமை பொழுதோட வெளக்கு வெச்சதும் கொஞ்சம் எள்ள கறுப்புத் துணியில முடிஞ்சு, அவருக்குத் தெரியாம அவரு தலகாணிக்கு அடியில வெச்சிருவேன். அவரு தலையில இருக்கற சனியெல்லாம் அந்த எள்ளுல எறங்கீரும். காத்தால முடிச்ச அவுத்து, எள்ள சோத்துல போட்டு, நெய்யி ஊத்தி, சனம் வாரதுக்கு முந்தி இவனுக்கு ஒரு உருண்டை. அது ஊட்டு விசயம். அதப் போயி கண்டவங்க போடறதோட சேக்கலாமுங்களா?

போன சனிக்கிழமை சனம் கொஞ்சம் வெள்ளனா வந்துருச்சு. இவரு வேற பல்லு வெளக்கீட்டு உள்ள வாராரு. அவசர அவசரமா உருட்டிப் போட்டேன். முடிச்ச அவுத்தனான்னா... அவுத்திருப்பேன். அவுக்காம யாராச்சும் போடுவாங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க.

இருங்க, வாயி அசையுது. தம்பி, பாருங்க பாருங்க. ஓ, கொட்டாவி. செரி. கொட்டாவி நல்லதுதானுங்களே? வாந்திக்கு முந்தி கொட்டாவி வருமா? உங்க பூனைக்கு வருமா?

செரி. அன்னிக்கு மத்தியானமும் வாந்தி. பொழுதோடயும் வாந்தி. நானு டாக்டரம்மா பேச்சத் தட்டலீங்க. வயித்துக்கு லீவு உட்டேன். வெறும் தண்ணிதான். அப்புறம் பாவமா இருக்குதேன்னு கொஞ்சூண்டு பாலு. பாலு தனியாக் குடுத்தா வாயுன்னு ரெண்டு ரஸ்க்கு. சூட்டுக்கு ஒரு கரண்டி நெய்யி. அவ்வளவுதான். முழுசா லீவு. எல்லாம் வந்துருச்சு.

ஞாயித்துக்கெழமை தண்ணியே நிக்கல. எனக்கு வந்துரலாம்னுதான் இருந்துது. ஆனா போனதடவ டாக்டரம்மா அந்தப் பேனாவ மேசை மேல போட்டாங்க பாருங்க, அது கண்ணு முன்னாலயே நிக்குது. மறுக்கா போயி ஒண்ணுமில்லீன்னா? அசிங்கமாப் போயிரும். அவங்க சொன்ன கணக்கையெல்லாம் போட்டுப் பாத்தேன். ரத்தமா? இல்ல. ஈறு வெளுத்துருக்குதா? ஒதட்ட தூக்கிப் பாக்கறேன், கரேல்னு இருக்குது. இவனுக்குப் பொறந்ததுல இருந்தே ஈறு கறுப்புங்க. அது வெளுத்தா எனக்கெப்படித் தெரியும்? டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். பக்கத்து வீட்டம்மாவக் கூட்டி வந்து காட்டுனேன். 'நல்லா கறுப்பாத்தான் இருக்குது'ன்னுட்டுப் போயிருச்சு. கறுப்பா இருக்கறது நல்லதுன்னு நானும் இருந்துட்டேன். அப்புறமில்ல டாக்டரம்மா சொல்றாங்க, கறுப்பு நாயிக்குக் கண்ணோட கீழ்ரெப்பைய எறக்கி உள்ள பாக்கோணுமாம். இத மொதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா?

இன்னிக்குக் காத்தால இவரு எந்திரிச்சாரு. வழக்கம் போலக் கூப்புட்டாரு, 'டேய் மேனேஜர், விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் என்னடா தூக்கம்?'ன்னு. அவன் எந்திரிக்கல. மறுக்கா கூப்புட்டாரு. கண்ண மட்டும் தொறந்து பாத்தான். வாலு கூட ஆடல. இவரு பக்கத்துல உக்காந்து மெதுவா, 'மேனேஜர்... எந்திரிங்க மேனேஜர்'ன்னாரு பாருங்க. இத்தனை வருசத்துல அவனுக்கு மரியாதை குடுத்ததே இல்லீங்க. இவரு அழுகறாருங்க. தாயி செத்ததுக்கு அழுவாத மனுசன்.

துண்ட எடுத்துத் தோளுல போட்டுட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடுனாரு. ஓடற வேகத்துல என்ன சொல்லிருக்காரு? 'மேனேஜருக்கு ரொம்ப முடியல, ஆஸ்பத்திரிக்குப் போகோணும், சீக்கிரம் வண்டிய எடு'ன்னு கத்தீட்டுத் திரும்பி ஓடி வந்துட்டாரு. அந்த ஆட்டோக்காரனும் பழைய மில்லு ஆளுதான். அவனுக்கு மேனேஜருன்னா ஜெகந்நாதந்தான். நேரா அவரு ஊட்டுக்குப் போயி, அவரு பனியனோட உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கறாரு, 'ஐயா, பேசாதீங்க, மூச்ச உடுங்க, நானிருக்கறேன்'னு அலாக்காத் தூக்கி ஆட்டோவுல போட்டுட்டான். 'எனக்கு ஒண்ணும் இல்லப்பா'ங்கறாராம். 'மொதல்ல எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க'ன்னு அவரு நெஞ்சத் தடவிக் குடுத்துட்டே வண்டி ஓட்டியிருக்கான்.

வழியில எங்கூட்டுல நிறுத்துனானுங்க, இவரையும் ஏத்திக்கலாம்னு. நாங்க நாயத் தூக்கீட்டு வாசல்ல நிக்கறோம். ஆட்டோவுக்குள்ள பாத்தா, பனியனோட மேனேஜரு. எங்கூட்டுக்காரரு கையில மேனேஜரு. ஒருத்தரையொருத்தரு பாத்துக்கிட்டாங்க. சண்டை வரப்போகுதுன்னு நானு பயந்தேன். அந்த மனுசன் இவன் கெடக்கற கெடையப் பாத்தாரு. நகந்து உக்காந்து, 'தலைய எம்பட மடியில வைப்பா'ன்னாரு.

எங்கூட்டுக்காரரும் வெச்சாருங்க.

இங்க வந்ததும் டாக்டரம்மா என்னையப் பாத்து மொதல்ல ஒரு பெருமூச்சு உட்டாங்க. அப்புறம் இவனப் பாத்தாங்க, அந்தப் பெருமூச்சு பாதியிலயே நின்னுபோச்சு. கண்ணு ரெப்பைய எறக்கிப் பாத்தாங்க. வயித்த அமுக்கிப் பாத்தாங்க. 'எப்ப இருந்தும்மா?'ன்னாங்க. 'சனிக்கிழமையில இருந்துங்க'ன்னேன். 'புல்லத் தின்னதுக்கு வந்தீங்களே, இதுக்கு ஏம்மா வரல?'ன்னு கேட்டாங்க பாருங்க. நீங்க பேனாவப் போட்டீங்கன்னா சொல்ல முடியும்?

'என்ன குடுத்தீங்க?'ன்னாங்க. நானு ஒருத்தரு உடாமச் சொன்னேன். அந்தம்மா தயிர்சோறு, இந்தம்மா வடை, இவரு கருகல் சோறு. 'நீங்க?'ன்னாங்க. 'நானு ஒண்ணுமே குடுக்கலீங்க'ன்னேன். எங்கூட்டுக்காரரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு.

ஸ்கேன் மிசின வெச்சுத் தேய்ச்சுப் பாத்தாங்க. வயித்துக்குள்ள உருண்டையா என்னமோ நிக்குது, சோறில்லன்னாங்க. ஊசி போட்டாங்க. வாந்தி எடுக்க வெக்கற ஊசியாம். வந்துட்டா நல்லது, குடலுக்குள்ள எறங்கியிருந்தா கஷ்டம்னு சொல்லீட்டு எங்கள வெளிய போகச் சொன்னாங்க. நாங்க போகல. இவரு அவன் முன்னங்காலப் புடிச்சிட்டு நிக்கறாரு, அந்த மனுசன் பின்னங்காலப் புடிச்சிட்டு நிக்கறாரு. நானு எல்லா சாமியவும் கும்புட்டேன். சனீஸ்வரனையே கும்புட்டேன். 'அப்பா, எடுத்துக்கறதுன்னா என்னைய எடுத்துக்கோ, இது வாயில்லா ஜீவன்'னு.

வந்துதுங்க. ஒரு துணி முடிச்சு. கறுப்புத் துணி. உள்ள எள்ளு ஒண்ணுகூடச் சிந்தாம அப்படியே இருக்குது.

டாக்டரம்மா இடுக்கியில எடுத்துக் கழுவி, ட்ரேயில வெச்சு நீட்டறாங்க. 'இது என்ன?'ன்னாங்க. எங்கூட்டுக்காரரு குனிஞ்சு பாத்தாரு. 'இது குடைத்துணி மாதிரி இருக்குதே'ன்னாரு. அப்புறம் இன்னும் கிட்டக்கப் போயி, 'எம்பட குடை எங்கடி?'ன்னாரு.

எங்கூட்டுல கறுப்புத் துணி ஏதுங்க? நல்ல நாளுல கறுப்பு எடுக்கற வழக்கமே இல்ல. அந்தக் குடையும் கம்பி ஒடைஞ்சு மூலையிலதான் கெடந்துது. அதுக்காக அது எங்க குடைன்னு ஆயிருமா? ஊருல யாரு ஊட்டுல கறுப்புக் குடை இல்ல? அந்தத் துணி ஓரத்துல வெள்ளைப் பெயிண்டுல 'நா'ன்னு எழுதியிருக்குதாம். எங்கூட்டுக்காரரு பேருக்கு மொத எழுத்து 'நா' தானுங்க, பேர நானு சொல்லக்கூடாது. ஆனா ஜெகந்நாதன்லயும் 'நா' வருதுங்களே. நாயிக்கே 'நா'தான.

இதத்தான் அங்கயும் சொன்னேன். எங்கூட்டுக்காரரு வாயத் தொறக்கப் போனாரு. அதுக்குள்ள அந்த ஜெகந்நாதன் அவரு கையப் புடிச்சு, 'அம்மா சொல்றது செரிதாப்பா. என்னோடதாத்தான் இருக்கும். நாந்தான் சமைக்கத் தெரியாம எதையாச்சும் சேத்துப் போட்டிருப்பேன்'னாரு. பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு. எனக்கு மனசு கரைஞ்சு போச்சுங்க. ஒரு தப்பப் பண்ணீட்டு ஒத்துக்கறதுக்கும் பெரிய மனசு வேணுமில்ல? எங்கூட்டுக்காரரு ஏன் அப்படிச் சிரிச்சாருன்னுதான் எனக்குப் புரியல. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தரு பாத்துட்டு, கண்ணுல தண்ணி வாரமுட்டும் சிரிக்கறாங்க. டாக்டரம்மாவும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

இப்ப ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிருக்கறாங்க. அந்த மனுசனுக்கு எங்கூட்டுக்காரரு தன் துண்டக் குடுத்திருக்காரு, பனியனோட நிக்கறாரேன்னு. அதா, ஜன்னல்ல பாருங்க, வேப்பமரத்தடியில. இவரு எனக்கும் ஒரு டீயும் பன்னும் வாங்கியாந்து குடுத்துட்டுத்தான் மறுக்கா போனாரு. எங்க எறங்குது? அப்படியே வெச்சிருக்கறேன்.

நானு ஒரு முடிவுக்கு வந்துட்டேன் தம்பி. இனி ஒருத்தரும் இவனுக்கு ஒரு பருக்கை போடப்படாது. யாருக்கு ஏழரை நடந்தாலும் செரி, பதினைஞ்சே நடந்தாலும் செரி. அட்டைய மாத்தி எழுதறேன், 'நாய்க்கு உணவிடக் கூடாது'ன்னு. கண்டிசனா. எங்கூட்டுக்காரரு சனிய நானே பாத்துக்கறேன், இத்தனை நாளு அவர நானுதான பாத்தேன், சனியா பாத்துது? இவன் இல்லாம அந்த ஊட்டுல என்னால இருக்க முடியாதுங்க. நாயே புடிக்காதுன்னேன், ஆமா, புடிக்காதுதான். இவன் நாயின்னு யாரு சொன்னா?

தம்பி! தலையத் தூக்கறான்! தூக்கறானுங்க! தண்ணி குடிச்சு எவ்வளவு நேரமாச்சு? நின்னுருச்சுங்களே, ஒரு சொட்டு வெளிய வரலீங்களே! ஐயோ எஞ்சாமி, எந்தங்கம், மேனேஜர், இங்க பாரு. பாக்கறான். மோப்பம் புடிக்கறான். எதை மோப்பம் புடிக்கறான்? இந்தப் பன்னையா? பசிக்குதுடா உனக்கு? பசிக்குதாமுங்க! மூணு நாளா வெறும் வயித்தோட கெடக்கறான், வயிறு எப்படி ஒட்டிப்போச்சு பாருங்க. ஒரே ஒரு துணுக்கு. டீயில நனைச்சு, பஞ்சு மாதிரி...

ஏனுங் தம்பி, கைய உடுங்க. ஏன் புடிக்கறீங்க? டாக்டரம்மா ஒண்ணும் குடுக்கப்படாதுன்னாங்க, செரி, அது ஊராளுங்களுக்குச் சொன்னது. நானென்ன ஊராளா? நானு அவனுக்குத் தாயிங்க. உடுங்க. சின்னதா, நகத்தளவு. அவன் பாக்கற பார்வையப் பாருங்க தம்பி.

உட மாட்டீங்களா?

செரி. நீங்க சொல்றதும் செரிதான். இந்தாங்க, இந்தப் பன்ன நீங்களே தின்னுங்க. எனக்கு முன்னாலயே தின்னுங்க. சீக்கிரம் தம்பி, சீக்கிரம். எங்கையில இருந்துதுன்னா குடுத்துப்போடுவேன்.